சக்கரம் மாற்றினால் வேகம் கூடுமா?

(பழைய மாணவர் சங்கக் கூடுகையின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. பேச்சு நடை கூடியவரை அப்படியே தரப்பட்டுள்ளது.)



மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பேசக் கூப்பிடுவது ஒரு வகைத் தண்டனை. அதுவும் இயற்பியல் வாத்தியாரைக் கூப்பிட்டால் அது கேட்பவர்களுக்கும் தண்டனை. ஆனாலும் இன்று நான் பேச ஒரு காரணம் இருக்கிறது. நம் கல்லூரி சைக்கிள் அணி சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம் கொடுத்திருக்கிறது. வருகிற பல்கலைக்கழகப் போட்டிக்கு ஒரு ஜோடி கார்பன் சக்கரம் வாங்கித் தர வேண்டும் என்று கேட்கிறார்கள். விலையைப் பார்த்ததும் பொருளாளர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அந்தப் பணத்தில் எட்டுப் பேருக்கு விடுதிக் கட்டணம் கட்டிவிடலாம். "நீங்க ஃபிசிக்ஸ் வாத்தியார்தானே, இதுல உண்மை எவ்வளவுன்னு சொல்லுங்க" என்று செயலாளர் என் தலையில் கட்டிவிட்டார்.

காலையில் அணித்தலைவியாக இருக்கும் மாணவி என்னைத் தனியாகப் பார்த்துக் கேட்டார்: "சார், வீல் மாத்தினா நாங்க ஜெயிச்சிடுவோமா?"

அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. ஏனென்றால் இதே கேள்வியை 1979ஆம் வருஷம் நான் என் அப்பாவுக்குக் கடிதமாக எழுதியிருக்கிறேன். கேள்வியாகக்கூட எழுதவில்லை. முடிவாகவே எழுதினேன்.

அந்த வருஷம் விளையாட்டு விழாவில் 20 கிலோமீட்டர் சாலைப் பந்தயம். நான் ஓட்டியது அப்பாவின் பழைய கம்பி பிரேக் சைக்கிள். 28 அங்குலச் சக்கரம், இரும்பு ரிம், கேரியர், செயின் கவர் எல்லாம் உண்டு. கேரியரை மட்டும் கழற்றிவிட்டு ஓட்டினேன். இரண்டாவதாக வந்தேன். முதலில் வந்த நண்பரிடம் மெல்லிய டயர் போட்ட பந்தய சைக்கிள் இருந்தது. எங்கள் இருவருக்கும் இடையே இரண்டு சைக்கிள் நீளம்கூட இருக்காது. அவர் இப்போது மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து சிரித்துக் கொண்டிருக்கிறார்.

அன்று ராத்திரியே அப்பாவுக்கு எழுதினேன். "என் காலில் குறை இல்லை, சக்கரத்தில்தான் குறை. அலுமினிய ரிம் இருந்தால் அடுத்த வருஷம் கோப்பை எனக்குத்தான்." அப்பாவுக்குக் கடிதத்தை வாசித்துக் காட்டியது என் தங்கை. பதினைந்து நாளில் மணியார்டர் வந்தது. இருநூற்றுப் பத்து ரூபாய். வீட்டில் இருந்த கிடேரிக் கன்றை விற்ற காசு என்பது பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் தொழுவத்தைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

சென்னை மூர் மார்க்கெட்டை இளைஞர்களுக்குத் தெரியாது. 1985இல் தீப்பிடித்து எரிந்து போனது. பழைய பொருள் எதுவும் அங்கே கிடைக்கும். ஒரு ஜோடி 27 அங்குல வெளிநாட்டு அலுமினிய ரிம், மெல்லிய டயரோடு வாங்கி வந்தேன். கம்பி பிரேக் அதற்குப் பொருந்தாது. அதைக் கழற்றிவிட்டு ஒயர் பிரேக் மாட்ட வேண்டும். சைக்கிள் கடை பாய், "தம்பி, ரெண்டு நாள் விட்டுட்டுப் போ, கோட்டம் எடுத்து, கோன் பார்த்துத் தரேன்" என்றார். எனக்குப் பொறுமை இல்லை. கூலியை மிச்சம் பிடிக்கலாம் என்ற நினைப்பு வேறு. பந்தயத்துக்கு முதல் நாள் ராத்திரி விடுதி வராந்தாவில் ஒரு ஸ்பேனரை வைத்துக்கொண்டு நானே மாட்டினேன். சக்கரம் ஆடக்கூடாது என்று கோனை நன்றாக இறுக்கினேன்.

1980 பந்தயத்தில் ஆறாவதாக வந்தேன். அதைவிடக் கொடுமை, அப்பா அன்றைக்குப் பார்க்க வந்திருந்தார். திட்டவில்லை. சைக்கிளின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கி, மறு கையால் சக்கரத்தைச் சுற்றிவிட்டார். சர்ரென்று உரசிக்கொண்டு இரண்டு சுற்று. நின்றுவிட்டது. "ஏம்ப்பா, சக்கரம் சுத்தவே மாட்டேங்குதே? மசை போடாம யாராச்சும் சந்தைக்கு வண்டி கட்டுவாங்களா?" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவே இல்லை.

அன்பர்களே, அப்பா கேட்டது இயற்பியலின் முதல் கேள்வி. சக்கரம் மாற்றினால் வேகம் கூடுமா என்று கேட்பதற்கு முன்னால், வேகத்தைத் தடுப்பது எது என்று கேட்க வேண்டும். அதைக் கேட்க எனக்கு மேலும் சில வருஷம் ஆனது.

சமதரையில் சைக்கிளைத் தடுப்பது மூன்று விஷயம். ஒன்று, உராய்வு: பால்ரஸ், செயின், உரசுகிற பிரேக் கட்டை. ஒழுங்காக வைத்திருந்தால் இது மிகச் சிறியது. இரண்டு, டயர் உருளும்போது நசுங்கி நிமிர்வதில் வீணாகும் சக்தி. மூன்று, காற்று. நிமிர்ந்து உட்கார்ந்து சாதாரண சைக்கிளில் 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு டயரின் தடையும் காற்றின் தடையும் ஏறக்குறைய சரிபாதி. அதே ஆள் 30 கிலோமீட்டர் வேகத்தில் போனால் டயரின் தடை அப்படியே இருக்கும், காற்றின் தடை நான்கு மடங்காகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு, அதை வெல்லக் கால் தரவேண்டிய திறனோ எட்டு மடங்கு. பந்தயக்காரன் சண்டை போடுவது முக்கியமாகக் காற்றோடுதான்.

சரி, எடை? "லேசான சக்கரம் வேகமா ஓடும் சார்" என்பார்கள். ரிம்மில் இருக்கும் எடை முன்னாலும் போகிறது, சுற்றவும் செய்கிறது. அதனால் வேகம் எடுக்கும்போது ரிம்மில் உள்ள அரைக் கிலோ, ஒரு கிலோ போல நடந்துகொள்ளும். இது உண்மை. ஆனால் ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்றால் அதில் ஒரு கிலோ எவ்வளவு? நூற்றுக்கு ஒன்று சொச்சம். அதுவும் வேகம் எடுக்கிற சில விநாடிகளுக்கு மட்டும். ஒரே சீராகப் போகும்போது அந்த எடை பெரிதாக எதையும் தடுப்பதில்லை.

மலை ஏறினால்? கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயிரம் மீட்டர் உயரம் ஏற வேண்டும். 200 வாட் திறனில் மிதிக்கிற ஒருவர் 85 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏற, எடைக்கு மட்டும் சுமார் 70 நிமிஷம் ஆகும். சக்கரத்தில் அரைக் கிலோ குறைத்தால் மிச்சமாவது 25 விநாடி. உலகச் சாம்பியனுக்கு 25 விநாடி பெரிய சொத்து. நம்மில் பலருக்குக் காலையில் ஒரு இட்லி குறைத்துக்கொண்டாலே அதில் ஒரு பங்கு வந்துவிடும்.

அப்படியானால் சக்கரம் மாற்றுவது வீண் வேலையா? இல்லை. சரித்திரமே சாட்சி. ஆதியில் முன்சக்கரம் ஆள் உயரம் இருந்த சைக்கிள் ஒன்று உண்டு. பெடல் நேராகச் சக்கரத்தில் இருக்கும். ஒரு மிதி, ஒரு சுற்று. ஆகவே சக்கரம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு வேகம். கால் எட்டுகிற அளவுதான் எல்லை. 1885இல் இங்கிலாந்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி செயின் வைத்த ரோவர் சைக்கிளைக் கொண்டுவந்ததும் அந்தக் கட்டாயம் போய்விட்டது. முன்னால் 48 பல், பின்னால் 18 பல் இருந்தால் ஒரு மிதிக்குச் சக்கரம் இரண்டரைச் சுற்றுக்கு மேல் சுற்றும். பெரிய சக்கரத்தின் வேலையைப் பல்சக்கரம் எடுத்துக்கொண்டது. இன்றும், "பெரிய சக்கரம்னா வேகம்" என்று நினைப்பவர்கள் அந்த 1885க்கு முன்னால் நிற்கிறார்கள். 1962இல் அலெக்ஸ் மோல்டன் சின்னச் சக்கர சைக்கிள் செய்தபோது எல்லோரும் பொம்மை என்றுதான் நினைத்திருப்பார்கள். அதே வருஷம் ஜான் வுட்பர்ன் என்ற வீரர் அதில் ஏறி கார்டிஃப் - லண்டன் சாலைச் சாதனையை முறியடித்தார்.

அடுத்தது காற்று நிரப்பிய டயர். 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த டன்லப், தன் மகனின் மூன்று சக்கர வண்டிக்காகச் செய்தது அது. அடுத்த வருஷமே வில்லி ஹியூம் என்ற வீரர் அந்த டயரைப் போட்டுக்கொண்டு பெல்ஃபாஸ்ட் பந்தயத்தில் மற்றவர்களை எளிதாக வென்றார். சக்கரத்தில் நடந்த மாற்றங்களிலேயே மிகப் பெரியது இதுதான். அது நம் வீட்டுச் சைக்கிளிலேயே இருக்கிறது. நாம்தான் அதில் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

இன்னும் அருகில் வருவோம். ஒரு மணி நேரத்தில் எவ்வளவு தூரம் ஓட்ட முடியும் என்று ஒரு சாதனை உண்டு. 1972இல் மெக்சிகோ நகரில் எடி மெர்க்ஸ் சாதாரணக் கம்பிச் சக்கரத்தில் 49.431 கிலோமீட்டர் ஓட்டினார். 1984இல் அதே நகரில் ஃபிரான்செஸ்கோ மோசர், கம்பியே இல்லாத தட்டுச் சக்கரத்தோடு 51.151 கிலோமீட்டர் ஓட்டினார். அன்றிலிருந்து உலகமே தட்டுச் சக்கரத்தைத் தேடி ஓடியது. கம்பிகள் காற்றைக் கலக்காமல் இருந்தால் தடை குறையும் என்பது உண்மைதான்.

ஆனால் இன்னொரு கதையையும் கேளுங்கள். 1989 டூர் டி பிரான்ஸ், கடைசி நாள். வெர்சேய்லிருந்து பாரிஸ் வரை 24.5 கிலோமீட்டர் தனியாக ஓட்ட வேண்டும். கிரெக் லெமாண்ட் 50 விநாடி பின்தங்கியிருக்கிறார். முன்னிலையில் இருந்த லோரான் ஃபின்யோன் முன்னும் பின்னும் இரண்டு தட்டுச் சக்கரம் மாட்டியிருந்தார். லெமாண்டுக்குப் பின்னால் மட்டும்தான் தட்டு. ஆனால் அவர் முழங்கைகளை ஊன்றிக் கைகளை முன்னால் நீட்டிக்கொள்கிற ஹேண்டில்பார் வைத்திருந்தார். தலையில் காற்றைக் கிழிக்கும் ஹெல்மெட். ஃபின்யோன் வெறும் தலையோடு, குடுமி பறக்க வந்தார். லெமாண்ட் அன்று 58 விநாடி முந்தினார். மொத்தப் பந்தயத்தையும் 8 விநாடியில் வென்றார். மூன்று வாரம், மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி 8 விநாடி! ஹேண்டில்பார் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன், காலும் வேண்டும். ஆனால் தட்டுச் சக்கரம் அதிகம் வைத்தவர் தோற்றார் என்பது நிச்சயம்.

இன்னொன்று. கிறிஸ் போர்ட்மன் 1996இல் மான்செஸ்டர் உள்ளரங்கில் கைகளை முழுக்க நீட்டி, உடம்பைக் கிடைமட்டமாக வைத்து ஒரு மணி நேரத்தில் 56.375 கிலோமீட்டர் ஓட்டினார். பிறகு விதி மாறியது. மெர்க்ஸ் காலத்துச் சைக்கிள் மாதிரியே இருக்க வேண்டும் என்றார்கள். 2000இல் அதே போர்ட்மன், அதே மான்செஸ்டரில், வளைந்த ஹேண்டில்பாரும் கம்பிச் சக்கரமும் வைத்து ஓட்டினார். 49.441 கிலோமீட்டர். மெர்க்ஸைவிடப் பத்தே மீட்டர் கூடுதல். நான்கு வயது கூடியதைக் கழித்துக்கொண்டாலும், ஏழு கிலோமீட்டர் வித்தியாசத்தில் பெரும்பங்கு உடம்பு வைத்திருந்த நிலைதான். காற்று மோதுவதில் முக்கால் பங்கு ஆளின் மேல்தானே!

இப்போது அணித்தலைவியின் கேள்விக்கு வருகிறேன். உங்கள் போட்டி 40 கிலோமீட்டர், மணிக்கு 35 கிலோமீட்டர் வேகம் என்று வைத்து நேற்று ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன். உயரமான கார்பன் ரிம் சக்கரம் உங்களுக்குத் தருவது சுமார் அரை நிமிஷம். மலிவான கனத்த டயரைக் கழற்றிவிட்டு நல்ல பந்தய டயர் போட்டால் இரண்டு நிமிஷத்துக்கு மேல். நிமிர்ந்து ஓட்டுகிறவர், குனிந்து முழங்கையை மடக்கி அந்த நிலையிலேயே ஓட்டப் பழகினால் நான்கு நிமிஷத்துக்கு மேல். அதற்குக் காசே வேண்டாம், முதுகு வலிக்கும். ஆளுக்கு ஆள் இந்த அளவுகள் கூடும் குறையும். ஆனால் வரிசை மாறாது.

டயர் விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ஒல்லியான டயர், கல்லு மாதிரி காற்று, அதுதான் வேகம் என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம். கண்ணாடி மாதிரி வழவழப்பான தரையில் அது சரி. நம் சாலையில் ஒவ்வொரு கல்லும் உங்களையும் சைக்கிளையும் தூக்கிப் போடும். அதில் போகிற சக்தி திரும்பி வராது. ஒரே காற்றழுத்தத்தில் அகல டயர்தான் குறைவாக நசுங்கும். உலகப் போட்டிகளிலேயே ஒரு காலத்தில் 23 மில்லிமீட்டர் டயர் போட்டவர்கள் இன்று 28, அதற்கு மேலும் போடுகிறார்கள்.

நான் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தபோது பிள்ளைகளை வைத்து ஒரு சோதனை செய்வேன். பாலத்து மேட்டிலிருந்து மிதிக்காமல் சைக்கிளை விட வேண்டும். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸ் கோடு. காற்று குறைந்த டயரின் கோடு எப்போதும் கடைசியில் கிடக்கும். காற்றடித்தால் பல அடி தாண்டிப் போகும். ஒரு முறை என் அலுமினிய ரிம்மையும் இரும்பு ரிம்மையும் ஒரே மாதிரி காற்றடித்து, கோன் சரிசெய்து, மசை போட்டு விட்டுப் பார்த்தோம். இரண்டு கோடும் பக்கத்துப் பக்கத்தில். ஒரு பையன் கேட்டான், "இதுக்கா சார் அவ்வளவு காசு குடுத்தீங்க?" அன்று வகுப்பை ஐந்து நிமிஷம் முன்னாலேயே முடித்துவிட்டேன்.

ஆகவே சங்கத்துக்கு என் யோசனை இது. முதலில் எட்டுப் பேருக்கும் நல்ல டயர், டியூப். அழுத்தம் காட்டும் ஒரு நல்ல பம்ப். கோட்டம் எடுக்கிற ஸ்டாண்டு ஒன்று, ஸ்பேனர் பெட்டி ஒன்று. நம் ஊர் சைக்கிள் கடைக்காரர் ஒருவரை மாதம் இரண்டு நாள் சம்பளம் கொடுத்து வரவழைத்து, பிள்ளைகளுக்குச் சக்கரம் பூட்டச் சொல்லித்தர வேண்டும். இவ்வளவுக்கும் அந்த ஒரு ஜோடிச் சக்கரத்தின் விலை ஆகாது என்பது என் மதிப்பீடு. இதெல்லாம் செய்து, பிள்ளைகள் பயிற்சியும் எடுத்து, பரிசுக்கு அரை நிமிஷம்தான் குறைகிறது என்று அடுத்த வருஷம் வந்து நின்றால், அப்போது கார்பன் சக்கரம் வாங்குவோம். அணியின் பொதுச் சொத்தாக வாங்குவோம். அந்த நிலையில் அரை நிமிஷம் என்பது அற்பம் இல்லை. லெமாண்ட் எட்டு விநாடியில் ஜெயித்தார்.

அம்மா, உன் கேள்விக்கு என் பதில்: வீல் மாற்றினால் கொஞ்சம் வேகம் கூடும். ஜெயிப்பாயா என்பதை வீல் சொல்லாது. நான் இல்லை என்று சொல்ல வரவில்லை, வரிசையை மாற்றிக்கொள் என்கிறேன். அந்த வரிசை தெரியாமல்தான் நான் ஒரு கன்றுக்குட்டியின் விலையைச் செலவழித்தேன்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். அப்பா 1994இல் காலமானார். அந்தக் கடிதம் தப்பு, குறை சக்கரத்தில் இல்லை, என் அவசரத்தில்தான் இருந்தது என்று அவரிடம் ஒரு நாளும் நான் சொல்லவில்லை. சொல்ல வாய்ப்பு இருந்த பதினான்கு வருஷத்திலும் வெட்கம் தடுத்தது. அந்த ரிம்மில் ஒன்று இன்னும் எங்கள் வீட்டு அவரைப் பந்தலில் கட்டியிருக்கிறது. பெற்றவர்கள் அனுப்புகிற பணத்துக்கு இந்த மண்டபத்தில் இருக்கும் மாணவர்கள் யாராவது இன்று ராத்திரி ஒரு உண்மையான கணக்கு எழுதினால், நான் பேசியது வீண் இல்லை.

பம்ப்பும் ஸ்பேனர் பெட்டியும் என் செலவு. மீதியைப் பொதுக்குழு முடிவு செய்யட்டும். போட்டிக்குப் போகுமுன் எட்டுப் பேரும் சைக்கிளைத் தூக்கிப் பின்சக்கரத்தை ஒரு முறை சுற்றிவிட்டுப் பாருங்கள். இரண்டு சுற்றில் நின்றால் புறப்படாதீர்கள்.